டேப்பின் பூஜ்யத்தை எங்கே பிடிப்பது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். உற்சாகமூட்டும்படி இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். உற்சாகம் உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காகப் போன மாதம் ஆபீஸ் வந்தபோது பார்த்தேனே, புது அளவைக் கருவியைச் சுற்றி மூன்று பேர் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஆகவே உற்சாகத்தை உங்களிடமே விட்டுவிட்டு, நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி மைசூரில் கட்டட அனுமதிப் பிரிவில் கழிந்தது. ஏரிக்கரையிலும் ராஜகாலுவே ஓரத்திலும் வீடு கட்ட வருகிற விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வரும். ராஜகாலுவே என்பது ஓர் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் பெரிய கால்வாய். பேரில்தான் ராஜா; கோடையில் போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் குப்பையும் நாணலுமாகக் கிடக்கும். அதன் இரு பக்கமும் இத்தனை மீட்டருக்குள் கட்டடம் வரக்கூடாது என்று விதி. எத்தனை மீட்டர் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நான் இருந்த காலத்திலேயே அந்த எண் மாறியது, உங்கள் காலத்திலும் மாறும், அதைச் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணை எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது என்பதில்தான் ஆள் கவிழ்கிறான். நான் கவிழ்ந்தது அங்கேதான்.

இதை ஆபீஸில் இரண்டு மூன்று முறை கன்னடத்தில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு வரிகளை முழுங்கிவிட்டுத்தான் சொன்னேன். அந்த வரிகள் தமிழில் பேசப்பட்டவை. இப்போது அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்கு முழுங்காமல் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அப்போது பிரிவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அப்பா கொள்ளேகாலத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது எல்லாம் மைசூர். மேஸ்திரிகள், பெயிண்டர்கள், நஞ்சன்கூடு ஃபேக்டரிகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து மனை வாங்கியவர்கள் என்று தமிழ் பேசும் விண்ணப்பதாரர்கள் எப்படியோ என் மேஜையைக் கண்டுபிடித்து வந்துவிடுவார்கள். "நம்மூரம்மா இருக்காங்களாம்" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்கி, "மேடம், உங்க ஜனம் வந்திருக்கு" என்பார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அதனால் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். தமிழ் பேசுகிறவர்களிடம் ஒரு சொல் கூடுதலாகப் பேசுவதில்லை. மனையைப் பார்க்கப் போனால் கன்னடம் மட்டும். அவர்கள் தமிழில் கேட்டாலும் நான் கன்னடத்தில்தான் பதில் சொல்வேன். சலுகை காட்டுகிறாள் என்ற பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான். பல வருஷம் அதை நேர்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது பயம் என்று தெரிய ஒரு வீடு இடிய வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், என் டேப்பைப் பற்றி. ஆபீஸ் கொடுத்த டேப் துணி டேப். இழுத்து இழுத்து நீண்டுபோய், முதல் ஓரடியில் எண்களே அழிந்திருந்தன. தேவராஜ மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் இரும்புக்கடையில், என் சம்பளத்தில், நல்ல எஃகு டேப் வாங்கினேன். அதன் நுனியில் ஒரு கொக்கி. சுவர் விளிம்பு, கல் விளிம்பு எதிலும் கவ்விக்கொள்ளும். எனக்கு அந்தக் கொக்கி மேல் ஒரு பெருமை. கொக்கி கவ்வும் இடம்தான் அளவு தொடங்கும் இடம் என்று கை பழகிவிட்டது. இந்த வேலையில் புத்திக்கு முன்னால் கை பழகிவிடும், நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

பழனிசாமியின் விண்ணப்பம் ஒரு கோடையில் வந்தது. ஹனூர்ப் பக்கத்து ஆள், கம்பி கட்டும் மேஸ்திரி. மனைவி சரஸ்வதி கார்மென்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு லேஅவுட்டில், முப்பதுக்கு நாற்பது மனை. மனையின் பின்பக்கம் கொஞ்சம் வெற்றிடம், அதற்கப்பால் ராஜகாலுவே. லேஅவுட் போட்டவர்கள் கால்வாயைக் கருங்கல் சுவருக்குள் அடக்கி, மிச்ச இடத்தைச் சமன்படுத்தி வைத்திருந்தார்கள். பார்க்க ஒழுங்காக இருந்தது. மனைகளை விற்று முடித்த பிறகு அந்த லேஅவுட்காரர்களை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

கோடையில்தான் எங்களுக்கு மனைப் பார்வை மும்முரம். வழி காய்ந்திருக்கும், ஜீப் போகும், மழைக்கு முன் அஸ்திவாரம் போட எல்லோருக்கும் அவசரம். அன்று மதியத்துக்குள் ஐந்து இடம் பார்க்க வேண்டும்; பழனிசாமியின் மனை நாலாவது. டேப் பிடிக்கிற ஆபீஸ் உதவியாளர் நஞ்சன்கூடு தேருக்கு லீவு போட்டிருந்தார். டிரைவர் ஜீப்பில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். ஆபீஸில் எந்தச் செய்தியும் அவர் வாய் வழியாகத்தான் பரவும். ஆகவே டேப்பின் நுனியைப் பழனிசாமியிடமே கொடுத்து, கால்வாய்ப் பக்கம் போகச் சொன்னேன்.

அவர் சுவர்வரை போனார். உடனே மாட்டவில்லை. திரும்பி, சுவருக்கு இந்தப் பக்கம் ஐந்தாறு தப்படி தள்ளி, பார்த்தீனியச் செடிக்குள் சாய்ந்து கிடந்த ஒரு கல்லைக் காட்டினார்.

"இங்கயே புடிக்கோணுங்களா மேடம், இல்ல அந்தக் கல்லுகிட்ட புடிக்கோணுங்களா?"

நான் முழுங்கிய வரிகளில் முதலாவது இது.

கல்லை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று ஒரு நாளும் சொல்லிக்கொள்ள முடியாது. துணி துவைக்கப் போட்ட கல்லாக இருக்கும் என்றுகூட நினைக்கவில்லை, ஒன்றுமே நினைக்கவில்லை. தமிழில் ஒரு கேள்வி வந்திருக்கிறது, டிரைவர் பார்க்கிறார், இது பேச்சாக வளரக்கூடாது என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது. சுவர்ப் பக்கம் கையைக் காட்டி, அங்கேயே பிடியுங்கள் என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் கொக்கியைச் சுவர் விளிம்பில் மாட்டினார். நான் மறு முனையை, வீட்டின் பின்சுவர் வரப்போகும் இடத்தில் வைத்துப் படித்தேன். விதிக்கு மேல் இரண்டடி கூடுதலாகவே இருந்தது. படிவத்தில் 'இருக்கும் நிலையின்படி கால்வாயிலிருந்து அளக்கப்பட்டது' என்று எழுதினேன். எங்கள் ஆபீஸில் எல்லோரும் எழுதுகிற வரி அது. ஐந்தாவது மனைக்குப் போய்விட்டோம்.

செய்திருக்க வேண்டியது என்ன என்று உங்களுக்குப் பாடத்திலேயே சொல்லியிருப்பார்கள். கிராம வரைபடத்தை எடுத்துப் பார்த்து, கால்வாயின் எல்லைக்கல் எது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து அளக்க வேண்டும். வரைபடம் ஆவண அறையில் இருந்தது. அறைச் சாவி வைத்திருந்தவர் பதினோரு மணிக்கு முன் வருவதில்லை. நாங்கள் ஒன்பதரைக்கே ஜீப்பில் ஏறிவிடுவோம். இது ஒரு காரணமா என்று கேட்டால், இல்லை. ஆனால் இப்படித்தான் நடந்தது.

வீடு எழுந்தது. பழனிசாமி பகலெல்லாம் பிறத்தியார் வீட்டுக்குக் கம்பி கட்டிவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்குக் கட்டினார். அந்த வீட்டில் அவர் கை படாத கம்பி ஒன்றுகூட இல்லை என்று பின்னால் சரஸ்வதி சொன்னாள். கிருகப்பிரவேசத்துக்கு இருவருமாக ஆபீஸ் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். பக்கத்து மேஜைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஐப்பசியில் விடாமல் மழை. மேல் ஏரி நிரம்பி, வந்த தண்ணீர் கருங்கல் சுவருக்குள் கொள்ளவில்லை. சுவரைத் தாண்டி, தன் பழைய அகலம் எதுவோ அதுவரை பரவி, அதற்கு மேலும் கொஞ்சம் வந்தது. பழனிசாமி வீட்டில் பின்பக்கத்துச் சமையலறையிலும் தையல் அறையிலும் முழங்கால் அளவு. ஆள் சேதம் இல்லை. லேஅவுட் முழுக்கக் கூச்சல் எழுந்தது. ராஜகாலுவேயை மறுபடி அளந்து எல்லை குறிக்கும்படி உத்தரவு வந்தது.

வருவாய்த் துறை சர்வேயர் கிராம வரைபடத்தோடும் ஒரு கடப்பாரையோடும் வந்தார். நேராகப் பார்த்தீனியத்துக்குள் போய், அந்தக் கல்லைச் சுற்றித் தோண்டினார். தலையில் எல்லைக் குறி செதுக்கிய கல். சுவருக்கும் அதற்கும் பதின்மூன்று அடி. அங்கிருந்து அளந்தால் வீடு பதினோரு அடி, கட்டக்கூடாத இடத்துக்குள் வந்துவிட்டது. சமையலறை முழுதும், தையல் அறை முழுதும். அனுமதியை ரத்து செய்து வீட்டை ஏன் இடிக்கக்கூடாது என்று பழனிசாமிக்கு நோட்டீஸ் போயிற்று.

இனி முக்கியமான இடம். அனுமதியை ஏமாற்றி வாங்கியிருந்தால் மொத்த அனுமதியும் ரத்து. முன்பக்கமும் நிற்காது, நஷ்ட ஈடு என்று ஒரு பைசா கேட்க முடியாது. தவறு ஆபீஸுடையது என்றால், கட்டக்கூடாத இடத்துக்குள் வந்த பகுதி மட்டும் போகும், அதற்கு ஈடும் கேட்கலாம். அந்தக் குடும்பத்துக்கு வீடு உண்டா இல்லையா என்பது, அன்று டேப் எப்படிப் பிடிக்கப்பட்டது என்ற ஒரே கேள்வியில் வந்து நின்றது. அதற்குச் சாட்சி இரண்டே பேர். பிடித்தவர் ஒருவர், படித்தவள் ஒருத்தி.

விசாரணைக்கு முந்தின நாள் எங்கள் மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டு, காபி வரவழைத்துக் கொடுத்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர், அன்று என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். பேச்சு கன்னடத்தில், தமிழில் தருகிறேன்.

"டேப்பின் நுனியை நீங்க பிடிக்கலைதானே?"

"இல்ல சார். பார்ட்டிதான் பிடிச்சார்."

"அதையே எழுதிக் கொடுங்க. 'அளவு எடுக்கும்போது டேப்பின் பூஜ்ய முனையை விண்ணப்பதாரரே பிடித்திருந்தார்.' இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?"

இல்லை. அதுதான் அந்த வாக்கியத்தின் சாமர்த்தியம். சொல்லுக்குச் சொல் உண்மை. படிக்கிற எவரும் ஒன்றைத்தான் புரிந்துகொள்வார்கள்: அந்த ஆள் தனக்குச் சாதகமான இடத்தில் பிடித்து மேடத்தை ஏமாற்றிவிட்டான்.

நான் காபிக் கப்பைக் கீழே வைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களுக்காக மட்டும் சொல்லல மேடம். அந்தக் காலுவே ஓரத்துல நம்ம ஆபீஸ் எத்தனை வீட்டுக்குச் சுவர்ல இருந்து அளந்திருக்கு? இந்த ஒரு ஃபைலைத் திறந்தா எத்தனை திறக்கும்? யோசிங்க."

யோசித்தேன். யோசித்துவிட்டு, அந்த வாக்கியத்தை டைப் அடித்தேன். ஆமாம், அடித்தேன். கீழே கையெழுத்துப் போட இடம் விட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று வீட்டில் சாப்பிட்டேன், பையனின் ஃபீஸ் பற்றிப் பேசினேன், தூங்கவும் செய்தேன். மனசாட்சி உறுத்திப் புரண்டு புரண்டு படுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை.

மறுநாள் விசாரணை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் சரஸ்வதி எனக்காகவே காத்திருந்தாள். பழனிசாமி தள்ளி, தண்ணீர் டிரம் பக்கம் நின்றிருந்தார். நீங்கள் பெரிய மனசு வைக்க வேண்டும் என்று அழப்போகிறாள் என்று எதிர்பார்த்து, பதில் சொல்லத் தயாரானேன். அவள் அழவில்லை.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. அன்னிக்குக் கல்லுகிட்டப் புடிக்கட்டான்னு இவரு கேட்டாரு, நீங்க வேண்டாம்னீங்க. நானும் மனை ஓரத்துல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். இவரு உள்ள அதச் சொல்ல மாட்டேங்கறாரு. அந்தம்மா வேலைக்கு வெனையாயிரும்கறாரு. நான் அப்படியில்லீங்க. கேட்டாங்கன்னா நான் சொல்லிருவேன். பொறவு முதுகுக்குப் பின்னால சொன்னேன்னு நெனச்சுக்கக் கூடாது, அதான் முன்னாலயே சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் புருஷன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

உள்ளே மேலதிகாரி, வருவாய் சர்வேயர், நான், அவர்கள் இருவர். மேலதிகாரி பழனிசாமியைக் கேட்டார்.

"டேப்பை யார் பிடிச்சது?"

"நான்தான் சார்." அவர் கன்னடம் நன்றாகவே பேசுவார்.

"எங்கே பிடிச்சீங்க?"

"மேடம் சொன்ன இடத்துல."

"அங்கே ஒரு கல் இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

பழனிசாமி தரையைப் பார்த்தார். மேலதிகாரி பேனாவை எடுத்தார். பக்கத்தில் சரஸ்வதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

அதற்குள் நான் பேசிவிட்டேன். கல்லை எனக்குக் காட்டினார், அங்கே பிடிக்கட்டுமா என்று கேட்டார், சுவரிலேயே பிடிக்கச் சொன்னது நான், வரைபடத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும் என்றேன். எந்த மொழியில் கேட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை யாரும் கேட்கவில்லை. மேலதிகாரி பேனாவை மூடினார். இதை எழுத்தில் தருவீர்களா என்றார். பையிலிருந்து தாளை எடுத்தேன். வேறு தாள் கையில் இல்லை. டைப் அடித்ததன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த ஃபைலை நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே தாளின் இரண்டு பக்கமாக இன்னும் இருக்கின்றன.

இதற்காக யாராவது என்னைப் பாராட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். சரஸ்வதி தாழ்வாரத்தில் வழிமறித்திராவிட்டால் அந்தத் தாளின் எந்தப் பக்கத்தைக் கொடுத்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சொல்லிவிடுவாள் என்பதால் முந்திக்கொண்டேன் என்று நீங்கள் நினைத்தால், அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. இதில் உங்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான். நெருக்கடி என்பது யாராவது மேஜையைத் தட்டி மிரட்டுவது போல வரும் என்று எதிர்பார்த்திருக்காதீர்கள். எனக்கு அது நல்ல இலக்கணத்தில், சொல்லுக்குச் சொல் உண்மையான ஒரு வாக்கியமாக, ஒரு கப் காபியோடு வந்தது.

உத்தரவு இரண்டு மாதத்தில் வந்தது. ஏமாற்று இல்லை, அளவில் அலுவலகத் தவறு. முன்பகுதி நிற்கலாம், பின்னால் பதினோரு அடி இடிக்கப்பட வேண்டும், அதற்கு ஈடு உண்டு. ஈடு கைக்கு வர வருஷக்கணக்காயிற்று என்பது வேறு விஷயம். எனக்கு ஓர் இன்க்ரிமென்ட் நின்றது. ஆவண அறைக்கு மாற்றினார்கள். கிராம வரைபடங்கள் இருந்த அதே அறை. சாவி அப்போது என்னிடம் வந்தது. மேலதிகாரி சொன்னபடியே அந்தக் கால்வாய் ஓரத்து ஃபைல்கள் வேறு சிலவும் திறந்தன. பக்கத்து மேஜைக்காரர் அளந்தவையும் அதில் இருந்தன. அவர் என்னோடு பேச ஒரு வருஷம் பிடித்தது.

இடிக்க வேண்டிய கோட்டைக் குறிக்க வேறு அதிகாரியைத்தான் அனுப்புவதாக இருந்தது. பழனிசாமி ஆபீஸுக்கு வந்து, முதலில் அளந்தவரே வந்து குறித்துக் கொடுக்கட்டும் என்று கேட்டாராம். கோபத்தில் கேட்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். போனேன். அதே டேப், அதே டிரைவர்.

பார்த்தீனியத்தை வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தார். நான் நீட்டுவதற்குள் டேப்பின் நுனியை வாங்கிக்கொண்டு போய், எதுவும் கேட்காமல் கல்லின் தலையில் கொக்கியை மாட்டி, அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். இந்த முறை நான் தமிழில் பேசினேன். டிரைவர் கேட்டால் கேட்கட்டும்.

"அன்னிக்கு விசாரணையில கல்லப் பத்தி ஏன் வாயே திறக்கல? எனக்காகவா?"

அவர் கல்லில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

"உங்களுக்காகன்னுதான் சரசுகிட்டச் சொன்னேனுங்க. அது பாதிதான்."

"மீதி?"

"இது என்ன கல்லுன்னு எனக்குத் தெரியுமுங்க மேடம். எங்கூருல ஓடைக்கு ரெண்டு பக்கமும் இதே மாதிரிதான் நட்டிருப்பாங்க. தெரிஞ்சுதான் கேட்டேன். நீங்க சொவத்துலயே புடின்னதும், அப்பாடான்னு இருந்துச்சுங்க. மறுக்கா கேக்கல. விசாரணையில கல்லச் சொன்னா, தெரிஞ்சுதான் இருந்தேன்னும் சொல்லோணுமில்லீங்க?"

நான் முழுங்கியதில் இது இரண்டாவது. ஆபீஸில் யாரிடமும் சொல்லாதது.

ஒரு நொடி எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நின்றுபோன இன்க்ரிமென்ட் ஞாபகத்துக்கு வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மையிலேயே அதுதான் வந்தது. பிறகு அவர் விரலைப் பார்த்தேன், கொக்கியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. அந்த ஆள் ஒரு தடவை கேட்டார். தன் வீட்டுக்கு எதிராக ஒரு தடவை கேட்பதே எத்தனை பேருக்கு வரும்? இரண்டாம் தடவை கேட்கும் வேலை அவருடையதல்ல. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நீங்கள் நூறு மனைகளுக்குப் போவீர்கள். டேப்பின் மறுமுனையில் நிற்கிறவருக்கு எப்போதும் ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். அவர் அதை ஒரே ஒரு முறை, அவருக்கு வருகிற மொழியில் கேட்பார். அப்போது ஜீப் பக்கம் பார்க்காதீர்கள்.

டேப்பை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனேன். வீடு பளிச்சென்று இருந்தது. வெள்ளம் வந்த கறையைச் சுண்ணாம்படித்து மறைத்திருந்தார்கள். அளவு சமையலறையைத் தாண்டி, கூடத்துக்குப் போகும் நிலைப்படியில் முடிந்தது. அங்கே சிவப்புச் சாக்பீஸால் சுவரிலும் தரையிலும் கோடு போட்டேன். கோடு ஓரிடத்தில் கோணியது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

சரஸ்வதி அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பு எந்தப் பக்கமுங்க வருது?"

"அந்தப் பக்கம்."

அவள் தலையாட்டினாள். பால் பொங்கி வந்தது. இறக்கி, காபி கலந்து, மூன்று டம்ளரைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். பழனிசாமி உள்ளே வந்து கோட்டைப் பார்த்தார், குறுக்கே தாண்டிவந்து உட்கார்ந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். வேறு ஆள் யாரையும் கூப்பிடப் போவதில்லை, இடிக்கிற வேலையைத் தானே செய்துகொள்வதாகச் சொன்னார். கம்பி எங்கெங்கே போகிறது என்று தனக்குத்தான் தெரியும், முன்பக்கத்துக்குச் சேதமில்லாமல் அறுக்க வேண்டும் என்றார். வேறு யாருடைய வீட்டைப் பற்றியோ சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

நான் என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அதைத் தமிழில் சொல்லத்தான் எனக்கு அவ்வளவு வருஷம் ஆயிற்று. பழனிசாமி "அட, விடுங்க மேடம்" என்றார். சரஸ்வதி விடவில்லை. அவள் குரலில் கோபம்கூட இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கல்லுகிட்டப் புடின்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, சின்னதாவே கட்டியிருப்போமுங்க. இவருக்குச் சின்ன வீடு கட்டத் தெரியாதா?"

நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு, கொக்கியைக் கல்லிலிருந்து எடுக்கப் போனேன்.